சும்மா நின்ற தறி

போன சனிக்கிழமை. தலையில் நல்லெண்ணெய், கையில் சீயக்காய்ப் பொடி, இடுப்பில் துண்டு என்ற திருக்கோலத்தில் நான் பாத்ரூமை நோக்கிப் புறப்பட்ட நேரம் பார்த்து அக்கா பையன் வந்து நின்றான்.

"மாமா, ஒரு அசைன்மென்ட் முடிச்சிருக்கேன். நீங்களும் பி.காம்.தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற மாமா மீது எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற மொத்த மரியாதையும் அந்த ஒரு ‘தானே’வில் அடக்கம். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். பத்துப் பக்கம். தலைப்பு: ‘தேய்மானம் கணக்கிடும் முறைகள்’. முன்னுரை, வகைகள், நன்மைகள், தீமைகள், முடிவுரை எல்லாம் அச்சுப் பிசகாமல் இங்கிலீஷில். ஒரு பிழை கிடையாது. நான் ஆறு வருஷம் குப்பை கொட்டிய ஆடிட்டர் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமான இங்கிலீஷை நான் பார்த்ததில்லை.

"யாருடா எழுதினது?"

"நான்தான் மாமா" என்றான், சீலிங் ஃபேனைப் பார்த்தபடி.

"எவ்வளவு நேரமாச்சு?"

"நாலு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அசைன்மென்ட் எழுத ஆகிற நேரம் என்பது பிரின்ட் எடுக்க ஆகிற நேரம்தான். திட்டியிருக்கலாம். இரண்டு காரணங்களால் திட்டவில்லை. ஒன்று, எண்ணெய் கண்ணில் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு, அந்த சீலிங் ஃபேன் பார்வை எனக்கு ரொம்பப் பரிச்சயமானது. 2008ல், இதே தேய்மானத்துக்காக, இதே பார்வையை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டில் ஒரு கல்லூரி. நான் பி.காம். முதல் வருஷம். அக்கவுண்டன்சி எடுக்கப் புதிதாக ஒரு சார் வந்திருந்தார். எங்களைவிட எட்டு வயசு பெரியவராக இருந்தால் அதிகம். பஸ்ஸில் வருவார். பையில் டிபன் பாக்ஸும் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கும். முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"நீங்க எழுதற அசைன்மென்டை உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் படிக்கிறான். அதுவும் சம்பளத்துக்கு. இனிமே நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுங்க. ஆளுக்கொரு பிளாக் ஆரம்பிங்க."

பிளாக் என்றால் சிமென்ட் பிளாக்கா என்று பின் பெஞ்சில் கேட்டார்கள். இணையத்தில் நாட்குறிப்பு மாதிரி எழுதுவதற்கு 1997ல் ‘வெப்லாக்’ என்று பெயர் வைத்து, 1999ல் அதன் முன்பாதியை வெட்டிப் ‘பிளாக்’ ஆக்கிவிட்டார்கள். தமிழில் அதை வலைப்பூ என்றோம். எங்கள் வகுப்பில் நாற்பத்தெட்டு பூக்கள் பூத்தன. ஒரு மாதத்தில் நாற்பத்தைந்து வாடிவிட்டன.

வாடாத மூன்றில் ஒன்று என்னுடையது. வணிகவியலை நகைச்சுவையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாரம் இரண்டு கட்டுரை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று பாராட்டுகள் வரும். அதில் இரண்டை நானே வேறு பெயரில் போட்டேன் என்பது பதினேழு வருஷம் கழித்து வெளியாகும் ரகசியம். ஆனாலும் எழுத்து என்கிற வியாதி என்னைப் பிடித்தது அங்கேதான்.

சார் புத்திசாலி. பிளாக்கில் அவனவன் தன் வீட்டு வாசலில் மட்டும் கோலம் போட்டுக்கொள்கிறான், அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். விக்கி.

விக்கி என்றால் என்ன? கல்யாண வீட்டுச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அண்டா. யார் வேண்டுமானாலும் வந்து உப்புப் போடலாம், புளி கரைத்து ஊற்றலாம், அடுத்தவர் போட்ட மிளகாயைப் பொறுக்கி எடுக்கலாம். சாம்பார் விளங்குமா என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விக்கி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உப்புப் போட்டார் என்று அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் ‘வரலாறு’. சாம்பார் கெட்டுப்போனால் ஒரு பொத்தானை அமுக்கி, கெடுவதற்கு முந்தைய நிமிஷத்துச் சாம்பாரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

1995ல் இதை முதன்முதலில் செய்தவர் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர். ஹொனலுலு விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு ‘விக்கி விக்கி’ என்று பெயர். ஹவாய் மொழியில் ‘சீக்கிரம்’ என்று அர்த்தம். அதையே வைத்துவிட்டார். மனிதர் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தால், 2001ல் பிறந்த விக்கிப்பீடியாவை நாம் ‘பாயிண்ட் டு பாயிண்ட் பீடியா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.

பள்ளி, கல்லூரிகளுக்கு இலவசமாக விக்கி கொடுத்துக்கொண்டிருந்த விக்கிஸ்பேசஸ் என்ற தளத்தில் சார் எங்களுக்கு ஓர் இடம் பிடித்தார். ஆறு ஆறு பேராக எட்டுக் குழு. குழுவுக்கு ஒரு தலைப்பு. இன்டர்னல் 25 மார்க் மொத்தமும் இதற்கே. எங்கள் குழுவுக்குத் தேய்மானம் வந்தது. வாங்கிய சாமான் வருஷா வருஷம் எவ்வளவு மதிப்பு குறைகிறது என்று கணக்குப் போடும் சமாசாரம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததாலும், குரல் பெரிசாக இருந்ததாலும் நான் தலைவன்.

குழுவில் ஒருவனைப் பள்ளிபாளையம் என்று கூப்பிடுவோம். ஊர்ப் பெயரே அவன் பெயராகிவிட்டது. காவிரிப் பாலம் தாண்டி டவுன் பஸ்ஸில் வருவான். அப்பா விசைத்தறி வைத்திருந்தார். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, அட்டெண்டன்ஸின்போது சொல்லும் ‘உள்ளேன் ஐயா’. அதற்கே நாங்கள் சிரிப்போம்.

விக்கி என்று சொன்ன அன்று அவன் எழுந்து நின்று இரண்டாவது வாக்கியத்தைப் பேசினான்.

"சார், தமிழ்ல எழுதலாமுங்களா?"

"தாராளமா எழுது."

அப்புறம்தான் கூத்து. அவனிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். அரை மணி நேரம் பத்து ரூபாய். முந்தின நாள் ராத்திரியே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்து, அரை மணியில் தடதடவென்று தட்டிவிட்டு பஸ் பிடிப்பான். 2008ல் தமிழ்நாட்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்று முப்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வாக்கியத்தில் கரண்ட் போகும். பத்து ரூபாய் போனது போனதுதான். மறுநாள் மீதி வாக்கியம்.

நான் தலைவன் அல்லவா, அதனால் கெடு முடிவதற்கு முந்தின ராத்திரிதான் பக்கத்தைத் திறந்தே பார்த்தேன். திக்கென்றது. பக்கம் முழுக்கத் தமிழ். அதுவும் ‘எங்கள் வீட்டில் ஒரு தறி இருக்கிறது’ என்று ஆரம்பிக்கிறது!

தறி 2004ல் வாங்கியது. விலை 30,000 ரூபாய். பத்து வருஷம் உழைக்கும், கடைசியில் பழைய இரும்பாக 3,000 ரூபாய் தேறும் என்று வைத்தால், நேர்கோட்டு முறைப்படி வருஷத்துக்கு 2,700 ரூபாய் தேய்மானம். இதுவரை பாடப் புத்தகம். அதற்கப்புறம் அவனே ஒரு கேள்வி கேட்டிருந்தான். கரண்ட் இல்லாமல் தறி பாதி நாள் சும்மா நிற்கிறதே, சும்மா நிற்கிற தறிக்குத் தேய்மானம் உண்டா, இல்லையா?

பதிலும் அவனே எழுதியிருந்தான். நேர்கோட்டு முறையில் உண்டு. தறி நின்றாலும் காலண்டர் நிற்பதில்லை, துருவும் நிற்பதில்லை. ஓடிய மணி நேரத்துக்குத் தேய்மானம் போடும் இயந்திர மணி வீத முறையில் மட்டும் கிடையாது. எந்த முறை நியாயம் என்று தறிக்காரனைக் கேட்டால் ஒன்று சொல்வான், கடன் கொடுத்தவனைக் கேட்டால் வேறொன்று சொல்வான். இப்படியே முப்பது வரி.

கீழே உரையாடல் பகுதியில் வேறு குழுப் பையன்கள், "தறி இருபது வருஷம்கூட ஓடுமே, பத்து என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று மடக்கியிருந்தார்கள். அவனும் விடாமல் பதில் சொல்லியிருந்தான். வகுப்பில் வாயே திறக்காத பயல், அங்கே வாத்தியார் மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ‘அடடா!’ என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ‘ஹெச்.ஓ.டி. பார்த்தால் மானம் போகுமே, இது அக்கவுண்டன்சியா, குடும்பக் கதையா?’ என்றுதான் தோன்றியது. உள்ளுக்குள் இன்னொன்றும் அரித்தது. என்னுடைய நகைச்சுவைப் பிளாக்குக்கு ஒரு மாதம் முழுக்க ஒரிஜினலாக எட்டுப் பாராட்டு. இவன் தறிக்கு ஒரே வாரத்தில் பத்தொன்பது.

முப்பது வரியையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டாகத் தட்டினேன். காலி. ஏதோ ஓர் அமெரிக்கத் தளத்திலிருந்து நாலு பாரா கணீரென்ற இங்கிலீஷில் உருவி ஒட்டினேன். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்பில் புரொஜெக்டர். ஹெச்.ஓ.டி. வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த விக்கி, பக்கி எல்லாம் அவருக்குப் பிடிக்காது என்பது கல்லூரிக்கே தெரியும். எங்கள் பக்கம் திரையில் வந்தது.

"நல்லா இருக்கே. யார் எழுதினது?"

எழுந்து நின்றேன். "நான்தான் சார்." பள்ளிபாளையத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். அன்றைக்கு அது ரொம்ப அழகாகச் சுற்றியது.

சார் ஒன்றும் பேசவில்லை. ‘வரலாறு’ பொத்தானை அமுக்கினார்.

வரிசை வரிசையாக வந்தது. பள்ளிபாளையம், பள்ளிபாளையம், பள்ளிபாளையம்... மொத்தம் முப்பத்தொரு திருத்தம். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும் மற்றவர்கள். உச்சியில் என் பெயர், இரவு 11.40. அதை அமுக்கினால், நீக்கியதெல்லாம் சிவப்பில். திரை முழுக்க ஒரே சிவப்பு.

"இது என்னய்யா சிவப்பா இருக்கு?" என்றார் ஹெச்.ஓ.டி.

"பழைய பதிப்புங்க சார். அதுதான் சரியான பதிப்பு" என்று சொல்லிவிட்டு, ஒரே சொடுக்கில் தறியைத் திரும்பக் கொண்டுவந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஹெச்.ஓ.டி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுசாகப் படித்தார். "சும்மா நிக்கற தறிக்குத் தேய்மானம்... யாருப்பா இது?"

பள்ளிபாளையம் எழுந்தான். ஐந்து நிமிஷம் தமிழில் பேசினான். முதல் நிமிஷம் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. கேட்டு முடித்த ஹெச்.ஓ.டி. சொன்னார்: "கேள்வி நல்ல கேள்விதான். ஆனா சிலபஸ்ல இல்லை!"

வகுப்பே சிரித்தது. பள்ளிபாளையமும் சிரித்தான். நான் மட்டும் இன்னும் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மார்க் வந்தது. அவனுக்கு 24. எனக்கு 9. சண்டை போட ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

"சார், நான் குரூப் லீடர்..."

"தம்பி, நீ எழுதினது மூணு வரி. ஒட்டினது நாலு பாரா. அழிச்சது முப்பது வரி. அழிச்சதுக்கு மார்க் போடற முறை யுனிவர்சிட்டில இன்னும் வரலை. வந்தா உனக்குத்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்."

என்னைப் போன்ற ஆசாமிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் ஆறுதலானேன். 2011ல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, புனேயில் சில கல்லூரிகளைப் பிடித்து, மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத ஏற்பாடு செய்தது. நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? புத்தகத்திலிருந்தும் வேறு தளங்களிலிருந்தும் அப்படியே உருவி ஒட்டியது ஏராளம். அதைத் துப்புரவு செய்வதற்குள் சம்பளம் வாங்காத தொண்டர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அந்த வருஷமே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. 2008ல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் நடத்திய ஜான் பீஸ்லி-முர்ரே என்ற பேராசிரியர், விக்கிப்பீடியா கட்டுரைகளையே மாணவர்களுக்குப் பாடமாக்கினார். கட்டுரை ‘நல்ல கட்டுரை’ என்று அங்கீகாரம் பெற்றால் ஏ கிரேடு. ‘சிறப்புக் கட்டுரை’ ஆனால் ஏ பிளஸ். அங்கீகாரம் கொடுப்பது அவர் இல்லை, முகம் தெரியாத விக்கிப்பீடியர்கள். அவர்கள் விடாக்கண்டர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டுக் குடைவார்கள். பிள்ளைகள் மறுபடி நூலகத்துக்கு ஓடினார்கள், மறுபடி எழுதினார்கள். அந்த ஒரு வகுப்பிலிருந்து மூன்று கட்டுரைகள் சிறப்புக் கட்டுரை ஆயின.

புனேயிலும் விக்கிதான், கனடாவிலும் விக்கிதான். கட்டுரை முடிந்ததா என்று மட்டும் பார்த்தால் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போவார்கள். எப்படி எழுதினாய் என்று கூடவே நின்று கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் எழுதுவார்கள். எங்கள் சார் ‘வரலாறு’ பொத்தானை அமுக்கியது அதற்குத்தான். இதை அன்றைக்கே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். 9 மார்க்கின் கோபம் ஒரு வருஷம் இருந்தது.

2009 கடைசியில் ஒரு நாள், விக்கியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். ‘தேய்மானம் பக்கம் திருத்தப்பட்டுள்ளது’ என்றது. ஆச்சரியமாக இருந்தது. மார்க் போட்டு ஒரு வருஷமாகிவிட்ட பக்கத்தை எவன் திருத்துவான்?

திறந்து பார்த்தேன். தறிக் கணக்கின் அடியில் புதிதாக நாலு வரி.

‘ஐந்து வருஷத் தேய்மானம் 13,500 ரூபாய். ஏட்டு மதிப்பு 16,500 ரூபாய். தறியை எடைக்கு விற்றது 9,000 ரூபாய். தறி விற்ற நட்டம் 7,500 ரூபாய்.’

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. அக்கவுண்டன்சி புத்தகத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ‘சொத்து விற்றதில் நட்டம்’ என்று. அந்த வரிக்குப் பின்னால் ஒரு வீடும், அப்பாவும், அடுப்பும் இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அந்த ராத்திரி 11.40க்கு நான் அழித்தது எதை என்று அப்போதுதான் உறைத்தது. யாரிடமும் சொல்ல முடியாததை அவன் அந்தப் பக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. உரையாடல் பகுதியில் எழுதினேன்: ‘மன்னிச்சுக்கடா. அன்னிக்கு அழிச்சது நான்தான்.’

மறுநாள் பதில் வந்திருந்தது: ‘தெரியும். வரலாற்றுல இருக்கு.’

அதற்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தான். மூன்றாம் வருஷம் முழுக்க நாங்கள் ஒரே பெஞ்ச்.

அப்புறம் நான் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். ஒரு நாள் பன்னாட்டுக் கணக்கியல் தரம் 16 என்பதைப் புரட்டினால், அதில் இருக்கிறது: சொத்து சும்மா நின்றாலும் தேய்மானம் நிற்பதில்லை. ஆனால் உபயோகத்தை வைத்துக் கணக்கிடும் முறையில், உற்பத்தி இல்லாதபோது தேய்மானம் பூஜ்யமாகலாம். பதினெட்டு வயசுப் பையன் பத்து ரூபாய் பிரவுசிங் சென்டரில் தட்டிய அதே பதில்! சிலபஸில் இல்லாவிட்டால் என்ன?

விக்கிஸ்பேசஸ் 2018ல் மூடப்பட்டுவிட்டது. எங்கள் பக்கமும், அவனுடைய முப்பத்தொரு திருத்தமும், என்னுடைய சிவப்பும் எல்லாம் போயிற்று. என் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சி அழிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன், அன்றைக்கு ஏனோ சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, அக்கா பையன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். எண்ணெயும் காய்கிறது.

"இதை உங்க சார்கிட்ட குடு. மார்க் வரும். எனக்காக ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டு. உங்க வாசல்ல நிக்குதே உங்கப்பாவோட பழைய டி.வி.எஸ்.50, அதுக்குத் தேய்மானம் போடு. வாங்கின விலை என்ன, எத்தனை வருஷம் ஓடுச்சு, எல்லாம் அப்பாகிட்டயே கேளு. மெஷினுக்குத் தெரியாது."

முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் குளித்துவிட்டு வந்து இரண்டாவது இட்லியில் இருந்தபோது, கையில் ஒரு காகிதத்துடன் வந்தான். அடித்தும் திருத்தியும் அலங்கோலமாக இருந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

"மாமா, ஒரு டவுட்டு. வண்டி மூணு வருஷமா ஓடவே இல்லை, சும்மாதான் நிக்குது. அதுக்கும் தேய்மானம் உண்டா?"

இட்லி தொண்டையில் நின்றுவிட்டது.

"இரு, இதுக்குன்னே ஒரு ஆள் இருக்கான்" என்று போனை எடுத்தேன். ஈரோட்டில் சொந்தமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறான். இரண்டே மணியில் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு, பையனின் கேள்வியை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னான் பள்ளிபாளையம்:

"கேள்வி நல்ல கேள்விதான்... ஆனா சிலபஸ்ல இல்லைன்னு சொல்றா!"